விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பாகம் பிரித்தபோது மூண்ட சண்டையில் அப்பாவும் அவரும் நாலு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. சுவர் மட்டும், பாவம், இரண்டு பேருக்கும் பொதுவாக நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பழைய மெத்தை வீட்டின் மேல் அப்பா ஓர் அறை கட்ட ஆரம்பித்தார். லால்பேட்டையிலிருந்து வந்த மேஸ்திரி பாய், அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷர். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் ஆகாது என்று, சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி நாள்கணக்கில் ஊற வைத்தார். பொதுச் சுவரில் உளி வைக்கும் நாளெல்லாம் பக்கத்து வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் சட்டம். அந்த வேலை என் தலையில் விழுந்தது. "பெரியப்பா, இன்னிக்கு செவுத்துல அடிக்கப் போறாங்களாம், சாமி படத்தையெல்லாம் எறக்கி வெக்கணுமாம்" என்று ஒப்பித்துவிட்டு, பெரியம்மா தரும் முறுக்கோடு திரும்புவேன்.

ஒருநாள் படம் இறக்கிய இடத்தில், பெரியப்பா பக்கம், ஒரு விரிசல். பாய் அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் மாடி அறையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடலூர் ஆபீசிலிருந்து போன் பண்ணி, "போய்ப் பாத்துட்டு வா" என்று என்னை விரட்டுவார்.

நான் பார்க்க மட்டுமா செய்தேன்? மூன்றாம் நாள், கெட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேலால் ஒரு தட்டு தட்டினேன். பட்டென்று உடைந்துவிட்டது. பெரியப்பா நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பேப்பர் அசையவில்லை. தப்பித்தோம் சாமி என்று ஓடிவந்துவிட்டேன்.

சாயங்காலம் பெரியப்பா எங்கள் வாசலில் நின்றார். நாலு வருஷத்தில் முதல் தடவை. அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"கண்ணாடி ஒடஞ்சிருக்குடா. வந்து பாரு" என்றார் அப்பாவிடம். அப்பா சட்டைகூடப் போடாமல் ஓடினார்.

பாய் வேலையை நிறுத்தி, வேறு கண்ணாடி ஒட்டினார். பத்து நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பத்து நாளும் ஆபீஸ் விட்டு வந்ததும் அப்பா நேராக அங்கேதான் போனார். முதல் இரண்டு நாள் இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மூன்றாம் நாள் பெரியம்மா டிபன் வைத்தாள். அப்புறம் அவர்கள் சிரிக்கிற சத்தம் எங்கள் பக்கம் வரைக்கும் கேட்டது. நான் மட்டும் பள்ளிக்கூடத்தில்கூட அந்தக் கண்ணாடியையே நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் பாய் வந்து பார்த்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. விரிசல் மேல்பூச்சோடு சரி, சுவர் நன்றாகத்தான் இருக்கிறது, தாராளமாக ஏற்றலாம் என்றார். அப்பா தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அந்தத் தைரியத்தில் பெரியப்பாவைத் தனியாகப் பிடித்து, முதல் கண்ணாடியை உடைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"பாத்தேனே. ஸ்கேலால தட்டுன. ஒங்கப்பன்கிட்ட மட்டும் மூச்சு விடாத" என்றார்.

எனக்கு விழவேண்டிய அடியைத் தடுத்த நல்லவர் என்று ரொம்ப நாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.