அம்மா காலால் பார்த்த தரை

பிழை தொடங்கியது ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு டைல்ஸ் கடையில். மங்கரேயில் நாங்கள் வாங்கிய வீட்டின் பழைய கார்பெட்டைக் கழற்றிவிட்டு டைல்ஸ் பதிக்க முடிவெடுத்திருந்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாத தரையில் சாமிப்படம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடையில் மாதிரிகளைத் தரையிலேயே பதித்திருந்தார்கள். அம்மா சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் வெறுங்காலை வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சொரசொரப்பு நல்லாக் காலைப் பிடிக்குது, பிள்ளை."

"அதிலை ஊத்தை அடையும் அம்மா. சப்பாத்தைப் போடுங்கோ, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டன். நடக்கப் போறது அவையே?"

எனக்கு வெட்கமாக இருந்தது. எப்சம் பகுதியில் சிநேகிதி ஒருவரின் வீட்டில் பார்த்தது போன்ற, முகம் தெரியும் வெள்ளை டைல்ஸையே எடுத்தேன். அம்மா காலுறையை மாட்டிக்கொண்டார்.

அம்மா யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவர். அப்பா இளவயதிலேயே காலமாக, தையல் தைத்து என்னைப் படிப்பித்தார். போரால் இடம்பெயர்ந்தபோது அந்தத் தையல் மெசினைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். பின்னர் என் பிள்ளைகளை வளர்க்க ஆக்லாந்துக்கு வந்தார். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்பார்கள், அம்மா தமிழில் பதில் சொல்வார். ஒரு நாளும் விளங்காமல் போனதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் விடியக் குளித்து, ஈரக்காலோடு வந்து விளக்கேற்றுவது அம்மாவின் வழக்கம். புதுத் தரை போட்ட பிறகு அப்படி வந்த ஒரு வெள்ளியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நிமோனியா பிடித்து, எழும்பாமலே போய்விட்டார்.

வைத்தியசாலையில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நான்தான் பாராமல் நடந்திட்டன்" என்றார். கடையில் நடந்ததைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. என்னைக் குறைநினைக்கிறாரா என்று கேட்க எனக்கும் துணிவு வரவில்லை. இந்த வருடம் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் அந்தத் தரையைத் துடைத்தேன்.

வைத்தியசாலைக்குச் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், கட்டிலடியில் மாறி மாறி இருந்த நண்பர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வீட்டுக்குத் தரை போடப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வயது போனவர்களையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். ஈரக்காலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் காட்டுவதையே வாங்குங்கள்.

விசா கிடைக்காததால் செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போன அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, ஆண்டுத் திவசத்துக்காகப் போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மட்டும் மெல்ல உள்ளே வைத்தார்.

"இதுதானோ பிள்ளை அந்தத் தரை?"

"ஓம் சின்னம்மா."

"அக்கா போனிலை சொன்னவ, நடக்கப் பயமாக் கிடக்கெண்டு. உன்னட்டைச் சொல்லச் சொன்னன். 'வேண்டாம், பிள்ளை ஆசையாப் போட்டவள்' எண்டிட்டா."