கதவடி ரப்பர்

மணவாளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு சுந்தர்சிங்குடையது. மர அறுப்பு மில்லில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்ததில் அவருக்கு வலது செவி முழுதும் போயிற்று. இடது செவியில் பாதி மிஞ்சியது. மனைவி சத்தியபாய்க்கு நேர்மாறு. 2022 ஆகஸ்டில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபின், பாறாங்கல் ஏற்றிய டாரஸ் லாரி சாலையில் போனாலே திடுக்கிட்டு வலிப்பு வரும். இனி வலிப்பு வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

2023 ஜனவரி 9, திங்கட்கிழமை, சாலைச் சத்தம் புகாதபடி அவள் அறையில் வேலை தொடங்கியது. சாலைப்பக்கச் சுவருக்கு உள்ளே இன்னொரு சுவர், இடையில் இரண்டங்குலத்துக்குத் தேங்காய்த் தும்பு நார். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. கதவைச் சுற்றியும் அடியிலும் ரப்பர்.

கொத்தனார் யூஜின் கேட்டான்: "அண்ணே, பெல்லுக்கு வயர் போட ஒரு ஓட்ட போடட்டா?"

"ஓட்ட போட்டா லாரி அது வழியா உள்ள வரும்லே."

"அக்கா கூப்பிட்டா?"

"டம்ளர வச்சு கட்டில்ல தட்டுவா. அது எனக்க செவியில நல்லா கேக்கும்."

"இவருக்க செவி மில்லுல போச்சு. எனக்க வாயச் சுவருல வச்சுப் பூசப்போறாரு," என்றாள் சத்தியபாய். யூஜின் சிரித்துவிட்டான்.

பிப்ரவரி 11 அன்று சோதித்தார்கள். கணவனும் மனைவியும் உள்ளே இருந்து கதவை அடைத்துக்கொள்ள, வெளியே யூஜின் பைக் ஹாரனை அமுக்கினான். "ஒண்ணும் கேக்கல்ல," என்றாள் அவள். உள்ளிருந்து தட்டினால் வெளியே கேட்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை. அன்று மதியம் அவள் இரண்டு மணி நேரம் உறங்கினாள். அதற்குப்பின் பத்தொன்பது நாள் வலிப்பே இல்லை.

மார்ச் 2, வியாழக்கிழமை. மூன்று மணிக்கு அவளைப் படுக்கவைத்துக் கதவை அடைத்துவிட்டு, சுந்தர்சிங் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். நாலு பத்துக்குக் கட்டன்சாயாவோடு கதவைத் திறந்தார். தலையணை நனைந்திருந்தது. வாந்தி தொண்டையில் அடைத்து, உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது. டம்ளர் வலது கையில் இருந்தது.

அடக்கத்துக்கு வந்த யூஜின் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "சீக்குதானே அண்ணே. நீங்க என்ன செய்ய முடியும்?"

சுந்தர்சிங் அவன் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டில் கம்பியைத் தடவவைத்தார். பச்சைப் பெயின்ட் அங்கங்கே புள்ளிபுள்ளியாகப் புதிதாக உதிர்ந்திருந்தது.

"எண்ணிப் பாருலே," என்றார். "பதினோரு தடவ தட்டியிருக்கா."