துபாய்க்குப் போன வதிவிடச் சான்றிதழ்

சென்ற ஆண்டு ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில், துபாயில், ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவின் நுழைவுச்சீட்டு விற்கும் இடத்தில் நடந்த சம்பவம் இது. ஆனால் அதற்கான ஏற்பாடுகள் அதற்கு முன்பே மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் வவுணதீவில் தொடங்கிவிட்டன.

என் கணவர் துபாயில் குளிரூட்டிகள் திருத்தும் வேலை செய்கிறார். மகள் நடக்கத் தொடங்கிய காலத்தில் போனவர். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறையில் வருவார். மகன் பிறந்தபோது அவர் இங்கே இல்லை. இப்போது மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு. இருவரும் அப்பாவை அறிந்தது பெரும்பாலும் கைத்தொலைபேசித் திரையில்தான்.

அவருடன் வேலை செய்யும் ஒருவரின் குடும்பம் விடுமுறைக்குத் தங்கள் ஊருக்குப் போனது. அவர்களுடைய ஒற்றை அறை வீடு சில கிழமைகளுக்குக் காலி. அந்த வாய்ப்பை விடக்கூடாது என்று அவர் எங்களுக்குச் சுற்றுலா விசா எடுத்தார். கடைகள், கடற்கரை, உயரமான கட்டடங்கள் என்று ஊரில் உள்ளவர்கள் சொல்லும் எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. அவருக்கு ஒரே ஓர் எண்ணம்தான் இருந்தது, அந்தப் பூங்கா.

“கொம்பனி பஸ் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போற. வாசலில தகப்பன்மார் புள்ளயளைத் தோளில வைச்சுக்கொண்டு நிப்பாங்க. நானும் ஒருநாள் நம்மட ரெண்டையும் கூட்டிக்கொண்டு உள்ளுக்குப் போகோணும்கா” என்றார்.

சீட்டின் விலை அவருக்குப் பெரியது. ஆனால் அந்த நாட்டில் வதிபவர்களுக்கு ஏறக்குறைய அரை விலை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவரிடம் அந்த நாட்டு வதிவாளர் அட்டை இருந்தது. பிள்ளைகளிடம் இல்லை. தகப்பன் வதிவாளர் என்றால் பிள்ளைகளும் அப்படித்தானே, இவை இன்னாருடைய பிள்ளைகள் என்று ஒரு கடிதம் காட்டினால் போதும் என்று அவராகவே கணக்குப் போட்டிருக்கிறார். நானும் அதில் பிழை காணவில்லை. பாடசாலை அனுமதி முதல் வங்கிக் கணக்கு வரை எதற்கும் நமக்குத் தெரிந்த கடிதம் ஒன்றுதான். கிராம சேவகர் தரும் வதிவிடச் சான்றிதழ்.

ஊரில் எல்லோரும் ஜி.எஸ். என்று சொல்லும் எங்கள் கிராம சேவகர் ஒரு பெண். மகன் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து எங்களைத் தெரியும்.

“என்னகா, புள்ளயளை டவுண் பள்ளிக்கூடத்துக்கு மாத்தப் போறியா?”

“இல்ல மிஸ். துபாயில ராட்டினம் ஏற.”

பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். “ராட்டினத்துக்கும் ஜி.எஸ்ஸிட கடிதமா? அப்ப இனி அங்க உள்ளவங்களும் என்னைத்தான் தேடி வரோணும்.”

சிரித்தாலும் வேலையை ஒழுங்காகச் செய்தார். வீடு யாருடைய பெயரில் என்று கேட்டார். என் பெயரில், சீதன வீடு என்றேன். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் என்ன குடி, எந்த வம்சம் என்று கேட்டாலும் தாயின் குடியைத்தான் சொல்வார்கள். ஆகவே, இந்தப் பிள்ளைகள் இருவரும் பிறந்தது முதல் தொடர்ச்சியாகத் தாயாரின் வீட்டில், இந்தக் கிராம சேவகர் பிரிவில் வதிந்து வருகின்றனர் என்று எழுதினார். தகப்பனின் பெயர் ஒரு வரியில் வந்தது. அவர் இப்பிரிவில் தற்போது வதியவில்லை என்பதும் அதே வரியில் வந்தது. ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற்று, வலையிறவுப் பாலம் கடந்து நகரத்துக்குப் போய் லெமினேட் செய்தேன். வெளிநாட்டுக்குப் போகிற கடிதம் வியர்வையில் நனையக்கூடாது என்று நினைத்தேன்.

துபாய்க்குப் போய் இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை அந்த இடத்துக்குப் போனோம். கணவர் புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை வாங்கியிருந்தார். மகன் பஸ்ஸுக்குள்ளேயே எழும்பி நின்றுவிட்டான். மகள் யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அங்கே போன நாளிலிருந்து அவள் அப்பாவோடு மரியாதையாகவே நடந்துகொண்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக எதுவும் கேட்கமாட்டாள். தெருவைக் கடக்கும்போது அவர் கையை நீட்டினால், அவள் தன் தோளில் தொங்கிய பையின் வாரைப் பிடித்துக்கொள்வாள்.

முழுவதும் கூரையிட்ட, குளிரூட்டிய பெரிய மண்டபம் அது. சீட்டு விற்கும் இடத்தில் ஓர் இளம்பெண் இருந்தார். பிலிப்பைன்ஸ் நாட்டவராக இருக்க வேண்டும். கணவர் தன் அட்டையை நீட்டினார். தனக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று வதிவாளர் சீட்டு, எனக்கு ஒரு முழுச் சீட்டு என்று ஆங்கிலத்தில் சொன்னார். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார் என்பது எனக்குத் தெரியும்.

பிள்ளைகளின் அட்டை எங்கே என்று அந்தப் பெண் கேட்டார். கணவர் சான்றிதழை எடுத்து, ஊர்க் கச்சேரியில் அரசாங்க அதிகாரியின் முன் நிற்பதுபோல இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

அவர் அதை முழுவதும் வாசித்தார். திருப்பிப் பார்த்தார். முத்திரைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கடிதத்தைக் கணவரின் பக்கம் திருப்பி, ஒரு வரியின் கீழே நகத்தை வைத்து, இது இலங்கையில் வசிப்பதாக அல்லவா சொல்கிறது என்று கேட்டார். கணவர் குனிந்து வாசித்தார். அவர் அதை அப்போதுதான் முதன்முதலாக வாசிக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. வந்த நாள் முதல் அது உறைக்குள்ளேயே இருந்தது. பிறந்தது முதல், தொடர்ச்சியாக, தாயாரின் வீட்டில். தன்னைப் பற்றிய வரியையும் வாசித்திருப்பார். நிமிர அவருக்கு நேரமெடுத்தது.

“நான் அப்பா. எனக்கு அட்டை இருக்கிறது. பிள்ளைகள் என்னுடையவர்கள்” என்றார்.

அதில் தனக்குச் சந்தேகமில்லை என்று அந்தப் பெண் சொன்னார். வரிசை எங்களுக்குப் பின்னால் நீண்டது. அவர் கண்ணாடிக்கு அப்பால் எழுந்து, குனிந்து, மகனைப் பார்த்து, நீ எங்கே வசிக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டார். ஒரு வழியைத் திறந்துவிடத்தான் அப்படிக் கேட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. இங்கே, அப்பாவோடு என்று அவன் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று தெரியாது.

அந்தக் கேள்வி மகனுக்குத் தெரிந்த கேள்வி. ஆங்கில வகுப்பில் மனப்பாடம் செய்தது. கைகளை இரு பக்கமும் ஒட்டி வைத்துக்கொண்டு, என் பெயர் இது, நான் மட்டக்களப்பில் வசிக்கிறேன், என் அப்பா துபாயில் வசிக்கிறார், எங்களிடம் ஒரு பசு இருக்கிறது என்று உரத்த குரலில் ஒரு பிழையும் இல்லாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். பிறகு என் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மன்னிக்க வேண்டும், முழு விலைதான் என்றார்.

நாங்கள் ஒதுங்கி ஒரு தூணருகே நின்றோம். கொண்டு போன காசுக்குப் பிள்ளைகளின் முழுச் சீட்டும், பெரியவர் ஒருவருக்கு வதிவாளர் சீட்டும் மட்டும் வாங்கலாம். நாங்கள் பேசிக்கொண்டது தணிந்த குரலில்தான். ஆனால் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“நீ போ புள்ளயளோட. என்ட அட்டையைக் காட்டி உனக்குக் கேட்டுப் பாக்கிறன். நான் வெளியில நிக்கிறன். எனக்கென்ன, இஞ்சயே கிடக்கிறவன்தானே.”

“இஞ்சயே கிடந்து ஒருநாளாவது உள்ளுக்குப் போனீங்களா மச்சான்?”

“அதுக்கில்லகா. எனக்கு இதுகளைக் கொண்டு திரியத் தெரியாது. இவனுக்கு எப்ப பசிக்கும், அவள் என்னத்துக்குப் பயப்பிடுவாள், ஒண்டும் தெரியாது.”

“ரெண்டுக்கும் வாய் இரிக்கி. கேளுங்க, அதுகளே சொல்லும்.”

“அவள் என்னோட வரமாட்டாள்” என்றார். அதைச் சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை.

அவருடைய உண்மையான பயம் அதுதான். நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். “அம்மா வரல்லயா?” என்று கேட்டாள். இல்லை, அப்பாதான் கூட்டிப் போகிறார் என்றேன். கொஞ்ச நேரம் பை வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு, “அப்பா, தம்பிட கையைப் பிடியுங்க. இவன் ஓடிருவான்” என்றாள். அவளாக அப்பாவிடம் சொன்ன முதல் நீளமான வாக்கியம் அது.

மூவரும் உள்ளே போனார்கள். மகனின் கை அப்பாவின் கையில் இருந்தது. மகள் ஓரடி தள்ளி நடந்தாள்.

வெளியே நடைபாதையில் ஒரு நீண்ட கண்ணாடிச் சுவர் இருந்தது. அதன் எதிரே ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். உள்ளே ஊஞ்சலாடும் கப்பல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அதன் நுனி கண்ணாடிவரை எழும்பி வரும், அதில் இருப்பவர்களின் முகங்கள் ஒரு கணம் தெரியும், பிறகு கீழே போய்விடும். சத்தம் வெளியே வராது. வாய்கள் மட்டும் திறந்திருக்கும்.

முதலில் கணவர் தொலைபேசியில் அழைத்தார். மகனுக்கு ஒன்றுக்கு வருகிறதாம், அவனோடு போனால் மகளை எங்கே விடுவது என்று கேட்டார். வாசலில் நிற்கச் சொல்லுங்கள், நிற்பாள் என்றேன். இன்னொரு தடவை அழைத்து, மகள் சோறு வேண்டாம் என்கிறாள், கோபமா என்று கேட்டார். இல்லை, வெளியில் சாப்பிட வெட்கப்படுவாள், நீங்கள் முதலில் சாப்பிடத் தொடங்குங்கள் என்றேன். அடுத்த அழைப்புக்காகத் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அது வரவில்லை. வரவில்லையே என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். என்னிடம் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்பது மெல்ல மெல்ல விளங்கியது. அதற்குத்தான் அவர்களை அனுப்பினேன். ஆனாலும் தொலைபேசியைப் பைக்குள் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

பிறகு கப்பலில் அவர்களைக் கண்டேன். கணவர் கண்களை இறுக மூடியிருந்தார். மகன் இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தான். மகள் அப்பாவின் வெள்ளைச் சட்டையை மார்போடு கொத்தாகப் பிடித்திருந்தாள். நான் எழுந்து கையசைப்பதற்குள் கப்பல் கீழே போய்விட்டது. அடுத்த முறை அது எழும்பியபோது கண்ணாடியோடு ஒட்டி நின்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரும் நிற்பது அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குப் பழக்கமான மூன்று முகங்கள்தான், ஆனால் அந்த மூன்றும் சேர்ந்திருப்பதை நான் அதுவரை வெளியே நின்று பார்த்ததில்லை.

மாலையில் அவர்கள் வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை முழுவதும் சுருங்கியிருந்தது. மகள் பையைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்திருந்தாள். மகன் என்னைக் கண்டதும், “அம்மா, உள்ளுக்கு ஒரு தோணி, நம்மட ஆத்துத் தோணி அதைவிட ஆடும்” என்று தொடங்கினான். மகள் குறுக்கே புகுந்து, “டேய், மஞ்சள் சப்பாத்து” என்றாள். அவ்வளவுதான். மூவரும் நடைபாதையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல ஆண்டுகள். என்ன மஞ்சள் சப்பாத்து என்று கேட்டேன். சொல்ல முயன்றார்கள். ஒருவர் தொடங்க மற்றவர் சிரிக்க, கதை பாதியிலேயே நின்றது. “நீங்க வந்திருந்தாத்தான் விளங்கும் அம்மா” என்று மகன் முடித்துவிட்டான்.

விசா முடிந்து நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம். அவர் நண்பரின் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆறு பேர் படுக்கும் தன் அறைக்குத் திரும்பினார். கொம்பனி பஸ் இப்போதும் அதே வழியால்தான் போகிறது. எப்போது நிரந்தரமாக வருவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் கேட்பதும் குறைந்துவிட்டது.

ஆனால் தொலைபேசியில் பேச்சு வற்றிப்போகும் நேரங்களில் அவர் “மஞ்சள் சப்பாத்து” என்று சொல்வார். இங்கே இரண்டும் பாயில் உருண்டு சிரிக்கும். திரையில் அவரும் சிரிப்பார். அது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளைகளின் மற்ற நாட்களெல்லாம் என்னிடம் இருக்கின்றன, அந்த ஒரு நாள் அவரிடம் மட்டும் இருக்கட்டும் என்று இப்போது நான் கேட்பதையே விட்டுவிட்டேன்.