இன்னும் ஒரு பெட்டி

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம், நினைத்தது உடனே நடந்தால் போதும் என்கிற பிறவி நான். அப்படிப்பட்டவள், அறுபதுகளின் கடைசியில், கொடைக்கானலில் எட்டாம் வகுப்பு படித்தபோது, ஒரு சினிமாப் படம் மலையேறி வருவதற்காக மூன்று வாரம் காத்திருந்தேன். இன்று நினைத்தாலும் கால் பரபரக்கிறது.

எங்கள் மிஷன் பள்ளி நூலகத்தில் ஓர் இங்கிலீஷ் கதைப் புத்தகம் இருந்தது. மூடுபனியில் தெரியாமல் படகேறிய ஒரு சிறுமி, ஆடுகள் பேசுகிற, மனிதர்கள் பேசாத நாட்டில் போய் இறங்குவாள். அகராதியும் கையுமாக அதை நான்கு முறை படித்திருந்தேன். அந்தப் பெருமையை யாரிடமாவது அளக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நாயுடுபுரத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடிவந்த, என் வகுப்பிலேயே சேர்ந்த ஒருத்தி வகையாக மாட்டினாள்.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த குடும்பம் அவளுடையது. அப்பா, அம்மா, இவள் மூவருக்கும் இந்தியாவுக்குப் போகச் சொல்லி அரசாங்கக் காகிதம் வந்தது. கல்யாணமாகியிருந்த அக்காவுக்கு வரவில்லை. அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். "ஒரு வழியா சொந்த ஊருக்குத் திரும்பி வந்துட்டீங்க" என்று எங்கள் தெருவே அவர்களிடம் சொல்லும். அவள் அதற்கு முன் கண்ணால்கூடப் பார்த்திராத ஊர் இது.

பள்ளிக்கு நடந்து போகும்போது நாளுக்கு ஓர் அத்தியாயமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தச் சிறுமிக்கு ஒரு நொண்டி ஆட்டுக்குட்டி கூட்டாளியாகும் இடத்தை மட்டும் மூன்று தரம் சொல்லச் சொன்னாள். கடைசி அத்தியாயத்துக்கு வந்த அன்று பள்ளியில் அறிவித்தார்கள், அந்தக் கதையைப் படமாகவே எடுத்திருக்கிறார்களாம், மதுரையிலிருந்து வரவழைக்கிறார்களாம். எனக்குக் கிறுக்கு ஏறிவிட்டது.

"மிச்சத்தைப் படத்துல பாத்துக்கடி" என்றேன்.

"அவ வீட்டுக்குப் போனாளா இல்லையா, அதை மட்டும் சொல்லு புள்ள."

"சொல்ல மாட்டேன்."

முதல் சனிக்கிழமை மலைப்பாதையில் மண் சரிந்து படப்பெட்டி ஏற்றிய பஸ் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை படம் வேறெந்த ஊருக்கோ போய்விட்டது. நடுவில் தினமும் கேட்டாள். கணக்கு வகுப்பில் கேட்டாள், தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள், ஒரு நாள் காய்ச்சலில் படுத்துக்கொண்டே கேட்டாள். பள்ளி விட்டதும் தனியாக பஸ் ஸ்டாண்டுக்கே போய், வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் கூரையையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவாள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்லாமல் வைத்திருந்த எனக்கும்தான்.

மூன்றாம் சனிக்கிழமை மூன்று தகரப் பெட்டிகள் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தன. மேலே ஒட்டியிருந்த எண் சீட்டுகள் வழியிலேயே கரைந்துவிட்டன. படம் ஓட்டுவது டிரில் மாஸ்டரின் பொறுப்பு. விடுதிக் கம்பளிகளை ஜன்னல்களில் கட்டி மதிய வெளிச்சத்தை அடைத்தோம். முதல் பெட்டி அவருக்குச் சரியாக அமைந்தது. அடுத்து அவர் மாட்டியது மூன்றாவது பெட்டி.

படகு ஊர்க்கரைக்குத் திரும்பி வந்தது. சிறுமி இறங்கி ஓட, அம்மா வாரிக் கட்டிக்கொண்டாள். படம் முடிந்தது என்று இங்கிலீஷில் எழுத்து விழுந்தது. என் பக்கத்தில் இவள் மட்டும் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தோம்.

"ஏய், உக்காருங்க! அதுக்குள்ள எங்க கெளம்பிட்டீங்க? இன்னும் ஒரு பெட்டி கெடக்கு!" என்று மாஸ்டர் சத்தம் போட்டார்.

வந்ததை ஏன் வீணாக்க வேண்டும் என்று அதையும் ஓட்டினார். சிறுமி மறுபடியும் ஆடுகளின் நாட்டில் திரிந்தாள். நொண்டிக் குட்டியின் மேல் சாய்ந்து அவள் தூங்குகிற இடத்தில் சுருள் தீர்ந்தது. கம்பளிகளை அவிழ்த்தார்கள்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். "பாத்தியா புள்ள! முடிஞ்சிருச்சுன்னு எழுத்தே போட்டுட்டாங்க. அதுக்குப் பெறகும் அவ அங்கயே திரும்பிப் போயிட்டா!"

இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நுணலும் தன் வாயால் கெடும். நான் நுணலுக்கே அக்கா. "அடி கூறுகெட்டவளே, பெட்டி மாறிப்போச்சுடி. வீட்டுக்கு வர்றதுதான் கடைசி. நாலு தடவ படிச்ச எனக்குத் தெரியாதா?"

கையை விட்டாள். "எந்த வீட்டுக்கு?"

"அவ அம்மா இருக்குற வீட்டுக்கு."

"எனக்கும் அம்மா இங்கனதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி நடந்து போய்விட்டாள்.

அதன் பிறகு பள்ளிக்குத் தனியாகவே போனாள். எனக்கு அழுகை வந்தது, அதைவிட என் மேலேயே ஆத்திரம் வந்தது. இன்றும் வருகிறது. சரியாகச் சொல்ல வேண்டும் என்று அப்படி என்ன அவசரம் எனக்கு?

ஒரு மாதம் கழித்துக் குழாயடியில் அவள் குரல் கேட்டது. வரிசையில் நின்ற பொடிசுகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். படகு, ஆடுகள், அம்மா, முடிந்தது என்ற எழுத்து.

"அவ்ளோதானா?" என்றது ஒன்று.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். தன் குடத்தை எடுக்கக் குனிந்தாள்.

என் குடத்தை இறக்கி வைத்தேன். "இல்லடா, இன்னும் ஒரு பெட்டி இருந்துச்சு. நானும் பாத்தேன்" என்றேன்.