வெள்ளித்தாளின் உட்புறம்

எங்கள் சிகரெட் கம்பெனியின் வரலாற்றைப் பளபளப்பான புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். போன மாதம் ஒரு பிரதி என் கைக்கும் வந்தது. நெருக்கடி நிலைக் காலத்துக்கு அதில் ஒரே வரி. அந்த நாட்களில் ஒரு ஷிப்டுகூட நிற்கவில்லையாம். நிறுத்தச் சொல்லும் வாயையெல்லாம் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டால் எப்படி நிற்கும்?

திருவொற்றியூர் ஆலையில் பாக்கெட் போடும் பிரிவில் நான் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. சனிக்கிழமைதோறும் ஆளுக்கொரு பாக்கெட் இலவசம். சங்கக் கூட்டங்களுக்குத் தடை வந்ததும், செயலாளர் அண்ணன் அந்தப் பாக்கெட்டையே தபாலாக்கிவிட்டார். சிகரெட்டைச் சுற்றியிருக்கும் வெள்ளித்தாளின் உட்புறம் கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் பென்சிலால் நாங்கள் சிலர் எழுதி வைப்போம். படித்ததும் தாளைக் கிழித்துவிட வேண்டும்.

ஆண்கள் முதல் சிகரெட்டை எடுக்கும்போதே கிழித்துவிடுவார்கள். பெண்கள் நாங்கள் பாக்கெட்டைப் பிரிக்காமலே வீட்டு ஆண்களிடம் கொடுத்துப் பழகியவர்கள். ஒரு சனிக்கிழமை, மறுநாள் கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்த பாக்கெட்டையும் பழக்கதோஷத்தில் அப்படியே நைனாவிடம் கொடுத்துவிட்டேன். துறைமுகக் கூலியான அவருக்கு, மகள் கம்பெனியில் வேலை செய்வதில் தலைகால் புரியாத பெருமை. டீக்கடையில் எதிர்ப்பட்ட போலீஸ்காரரிடம், "எம்பொண்ணு போட்ட பாக்கெட்டு சார், ஒண்ணு எட்த்துக்க" என்று நீட்டினார். எதிரே குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர் தாளைப் பிரித்தார், படித்தார், பாக்கெட்டோடு போய்விட்டார்.

செயலாளர் வீடு கால் மணி நேர நடைதான். நான் போகவில்லை. அவர் கூட்டத்தை நிறுத்திவிட்டால், அங்கே யாரும் சிக்காத போலீஸார் எழுதியது யார் என்று கேட்டு நைனாவை இழுத்துப் போவார்கள் என்று பயந்தேன். ஞாயிறு காலை கூட்டத்தில் செயலாளரைப் பிடித்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் சிறை. வெளியே வந்தபோது வேலை போயிருந்தது, ஒரு காது செவிடாகியிருந்தது. நைனாவுக்கு எதுவும் தெரியாதென்றே நினைத்திருந்தேன். தெரிந்தால் தாங்க மாட்டார் என்று, பதினோரு வருஷம் கழித்து அவர் சாகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

புத்தகத்தைப் படித்த கோபத்தில்தான் கொருக்குப்பேட்டைக்குப் போனேன். செயலாளர் படுத்த படுக்கையாக இருந்தார். கேட்கிற காதுப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும் தங்கச்சி," என்றார். "நான் வெளிய வந்த அன்னிக்கே உங்க நைனா வந்து கால்ல வுழுந்துட்டாரு. எல்லாம் என்னாலதான்னு அழுதாரு. எம்பொண்ணுக்கு மட்டும் தெரிய வாணாம்பா, தாங்க மாட்டான்னு கெஞ்சுனாரு."

எங்கள் வீடு ஒரே அறை. அந்த ஓர் அறைக்குள் பதினோரு வருஷம், அவருக்குத் தெரியாமல் நானும் எனக்குத் தெரியாமல் அவரும் அழுதிருக்கிறோம்.