இரண்டாவது பொட்டலம்

மருதாளைப் பற்றி எழுத இந்த ஊரில் என்னைவிடத் தகுதியில்லாதவன் ஒருவனும் கிடையாது. ஆனாலும் நான்தான் எழுதியாக வேண்டும்.

ஊத்துக்குளிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நான் மாரியம்மன் கோயில் பூசாரி. பூசாரி வேலை விடியற்காலை ஒரு மணி நேரம்தான். ஏழரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். அதன் பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அம்மன் கொடுப்பது விபூதி, கம்பெனி கொடுப்பது சம்பளம்.

மருதாளும் அதே வேன், அதே கம்பெனி. இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். வேலை முடிந்தாலும் அந்தக் கண் மூடாது. வேனில் பின்சீட்டிலிருந்து, "பூசாரீங்க, காலர்ல தையல் உட்டுப்போச்சுங்க" என்பாள். புருஷன் நல்லான் செத்த அன்று நெஞ்சிலடித்து அழுதுகொண்டே, பந்தல் துணியில் கிழிசல் இருக்கிறது என்று பந்தல்காரனைக் கூப்பிட்டுக் காட்டியவள் அவள்.

எங்கள் கோயில் தலைவர் ஈஸ்வரமூர்த்தி. சொந்தமாகப் பத்து மிஷின் போட்டுத் தைக்கிறார். ஊருக்குள் எந்தப் பிரச்சினை வந்தாலும், "நாம யாரு முடிவு பண்ண? அம்மன்கிட்டப் பூக் கேப்போம்" என்பார். அடக்கமான மனிதர். வாழை இலையில் சுற்றிய இரண்டு பொட்டலங்களை அம்மன் காலடியில் வைப்போம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. கூட்டத்திலிருந்து ஏதாவது ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்தால் தெய்வக்குற்றம். இந்தக் கடைசி விதியைக் கொண்டுவந்தவரும் தலைவர்தான்.

பதினோரு வருடமாக அம்மனும் தலைவரும் ஒரு விஷயத்தில்கூட மாறுபட்டதில்லை. போர்வெல் தண்ணீர்க் குழாய் அவர் வீட்டு வாசலில் வர வேண்டும் என்று அம்மன் ஆசைப்பட்டாள். மைக் செட் அவர் மருமகன் கடையில்தான் எடுக்க வேண்டும் என்றாள். அவருக்கு ஷிப்மென்ட் இருக்கும் வாரத்தில் தனக்குத் திருவிழாவே வேண்டாம் என்றுகூடச் சொன்னாள் மகராசி.

எப்படி என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் தலைவரிடமிருந்து போனில் ஒரே ஒரு சொல் வரும். வெள்ளை, அல்லது சிவப்பு. இரண்டு பொட்டலத்திலும் அதே பூவை வைத்து நான் கட்டிவிடுவேன்.

மருதாளின் மகள் கவிப்பிரியா, அதே கம்பெனியில் டெய்லராக இருந்த ஜெயபாண்டியைக் கட்டிக்கொண்டாள். தெற்கத்திப் பையன், வேறு சாதி. அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும். தலைவர் சம்மதிக்கவில்லை. அந்தப் பெண் ஊருக்குள் வந்தால் மருதாள் வீட்டில் கோயில் வரி வாங்க மாட்டோம் என்றார். வரி வாங்காத வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போக முடியாது. பிறகு வழக்கம்போல, "அம்மன்கிட்டக் கேப்போம்" என்றார்.

பூக் கேட்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், திரும்பும் வேனில் மருதாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பூசாரீங்க, என்ற புள்ளைக்கு அப்பனும் இல்லீங்க. அம்மனை நல்லா வேண்டிக்கிட்டுப் பூவைக் கட்டுங்க."

"அம்மன் பாத்துக்குவா அம்மிணி" என்றேன். என் சட்டைப் பையில் இருந்த போனில் அந்தச் சொல் ஏற்கெனவே வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரே கூடியது. குழந்தை எடுத்த பொட்டலத்தை நான் பிரித்தேன். சிவப்பு. தலைவர் பெருமூச்சு விட்டார், பாவம், அவருக்குத்தான் எவ்வளவு வருத்தம்! கூட்டம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தது.

"ஏனுங்க தலைவரே" என்றாள் மருதாள். "அந்த இன்னொரு பொட்டணத்தையும் பிரிச்சுப் பாத்துப்போடலாமுங்க."

"அது வழக்கமில்ல அம்மிணி. தெய்வக்குத்தம் ஆயிப்போகும்."

"ஒரே ஒரு பீஸைப் பாத்துட்டு மொத்தத்தையும் தள்ளறது எங்க கம்பெனியிலகூட இல்லீங்க. காலையில வர்றப்பப் பாத்தனுங்க, கோயில் நந்தியாவட்டைச் செடியில ஒரு பூவும் பறிக்கலீங்க. அப்பறம் வெள்ளைப் பூ எங்கிருந்துங்க வந்துது?"

யாரும் தடுப்பதற்குள் படியேறி வந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். செவ்வரளி. கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினாள்.

தலைவர் சாதாரண ஆளா? தடாலென்று தரையில் விழுந்தார். "தாயே! கோவத்துல வெள்ளையச் செகப்பா மாத்திட்டியே!" என்று கதறினார். நாலைந்து பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். கட்டியவன் நான்தானே. நான் ஒரு வரி சொன்னால் போதும். குனிந்து கற்பூரத் தட்டைத் துடைத்தேன். பயம். வேறு காரணம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மருதாள் பர்ஸைத் திறந்தாள். அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, தலைவருக்குத்தான் ஒட்டப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தபோது, என் வெற்று மார்பில், சந்தனத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"அவரு துணியே மட்டமுங்க. ஆனா தெரிஞ்சே தைச்சது நீங்கதானுங்க" என்றாள்.

மறுநாளே மகளைக் கூட்டி வந்துவிட்டாள். வளைகாப்புக்குப் பதினோரு பேர் போனார்கள். நான் போகவில்லை. பூ தானாக நிறம் மாறியது என்று ஊரில் பாதிப் பேர் இன்றும் சொல்கிறார்கள். மருதாள் வீட்டில் வரி வாங்கவில்லை. வேனில் மருதாள் என் காலரைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

குழந்தை பிறக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் அந்த வீட்டுக்கு ஊர் போக வேண்டும். அதனால் இதை எழுதி, நாளைக் காலைப் பூஜைக்கு முன்னால் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி வைத்துக் கட்டியவன் நான். கட்டச் சொன்னவர் தலைவர் ஈஸ்வரமூர்த்தி. அம்மனுக்கு இதில் சம்பந்தமே இல்லை. விபூதி போகும், போகட்டும்.

மருதாள் படித்தால் முதலில் எழுத்துப் பிழைகளைத்தான் எண்ணுவாள். எண்ணட்டும். அந்த ஸ்டிக்கரை உரித்துப் போன் கவருக்குள் வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு, அதற்கு நேராக அந்த அம்பை ஒட்டுவேன்.