அம்மாவின் காதும் ஆம்ப்ளிஃபயர் ஃபேனும்

கண்ணுகளா, தன் காது சுத்தமாகப் போய்விட்டதென்று அம்மாவே போனில் சொன்னதைக் கேட்டு இரண்டு பேரும் பதறிவிட்டீர்கள். நடந்ததை எழுதுகிறேன். எனக்கே பாதிதான் விளங்கியிருக்கிறது.

அவளுக்குக் காது மந்தம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். டாக்டர் கொடுத்த மிஷின் விசிலடிக்கிறது என்று பீரோவில் பூட்டி வைத்துவிட்டாள். டிவி அவளுக்கு ஊமைப் படம். நம் பழைய காரில் ஏறினால் மட்டும் பாட்டுக் கேட்கும். டிக்கியில் இருக்கும் அந்த ஆம்ப்ளிஃபயர் உங்கள் இருவருக்கும் மூத்தது. அது போடுகிற போட்டில் கதவு அதிரும். அம்மா கதவில் கையை வைத்துக்கொண்டு கூடவே முனகுவாள். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அன்னூர் வரை ஒரு நடை போய்வருவோம்.

கோடைக்கு முன்னால் அதைக் கணபதியில் இருக்கும் நம் மோட்டார் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துத் தூசி ஊதினேன். உள்ளே தகட்டின் மேல் பித்தான் மாதிரி ஒன்று, இரண்டு ஒயரோடு திருகியிருந்தது. மோட்டார் வைண்டிங் கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? கரண்டுக் கம்பி இரும்பைத் தொடுகிற இடத்தில் காப்புத்தாள் வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதற்கு அடியிலும் ஒரு துண்டு வெட்டிச் செருகி முடுக்கினேன்.

அடுத்த ஞாயிறு பாதி வழியில் பாட்டு நின்றுபோனது. இறங்கி டிக்கியைத் திறந்தால் ஆம்ப்ளிஃபயர் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. ஆனால் அதன் ஃபேன் விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருக்கிறது. சூடு ஆறியதும் பாட்டு வந்தது. வீட்டுக்கு வந்து ஆன் செய்து பார்த்தால் ஃபேன் அசையவே இல்லை. பாடும்போது சும்மா இருக்கிறது, பாட்டு நின்ற பிறகு சுற்றுகிறது. இது என்ன கூத்து?

பம்ப் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் இரண்டு ஒயரை மாற்றிப் போடுவோம். அதையே ஃபேன் ஒயருக்கும் செய்தேன். ஃபேன் செத்த எலி மாதிரிக் கிடந்தது. திருப்பிப் போட்டு பேட்டரியில் நேராகக் கொடுத்தேன், அருமையாகச் சுற்றியது. காரில் மாட்டினால் பழைய கதைதான். மறு ஞாயிறும் பாட்டு நின்றது. சூடு ஆறக் காத்திராமல் பாட்டில்லாமலே வீடு திரும்பினோம்.

இந்தச் சமயத்தில்தான், அம்மா சொன்னதைக் கேட்டு நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பக்கத்தில் போய்க் கத்தினேன்.

“காது எப்போ போச்சு அம்மணி?”

“அன்னூர் ரோட்டுலதானுங்க. பாடிட்டே இருந்துச்சு, டக்குனு ஒண்ணுமே கேக்கலே. நீங்க பாட்டுக்கு எறங்கிப் போயி பின்னாடி எதையோ நோண்டிட்டு இருந்தீங்க.”

“நின்னது பாட்டு!”

“உங்களுக்கும் கேக்கலீங்களா?”

“எனக்கும் கேக்கலே!”

“அட கடவுளே, உங்க காதும் போயிருச்சுங்களா?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டிக்கியில் தலையை விட்ட நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் பயத்தில் கேட்கவில்லை.

மறுநாள் கார் நின்ற இடத்திலேயே பாட்டைப் போட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தகடு விரலைச் சுட்டது. அந்தப் பித்தான் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் சந்தேகம் தட்டியது. தகடு சூடானால் ஃபேனைக் கிளப்புவது அந்தப் பித்தான்தானோ? நான் செருகிய தாள் சூட்டை அதற்குப் போகவிடாமல் மறித்து, எல்லாம் கொதித்துப் பாட்டு நின்ற பிறகுதான் அதற்குச் சேதியே போயிருக்கிறதோ? தாளை உருவிவிட்டுத் திரும்ப முடுக்கினேன். நாலாவது பாட்டிலேயே ஃபேன் சுற்றியது. பாட்டு நிற்கவில்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாக, “துடியலூர் பஸ்ஸுலயும் ஒருக்கா சத்தமெல்லாம் இப்படி நின்னுச்சுங்களே,” என்றாள்.

பஸ்ஸில் ஏது ஆம்ப்ளிஃபயர்? வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம்.

மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் காருக்குப் போனேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, இடது பக்கம் அவள் உட்காருகிற சீட்டில் உட்கார்ந்து, அவளுக்குப் பிடித்த பாட்டைப் போட்டேன். கதவில் கையை வைத்துக்கொண்டு அது முடியும்வரை இருந்தேன்.